ஷிப்டில் இருந்த ஜீவரத்தினம்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. தேநீர் ஆறுமுன் ஒரு கள்ளக் கதை சொல்கிறேன்.

இல்ஃபோர்ட்டில் இருக்கும் மேனுஷா தன் பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆய்வு எழுதினாள். அடிக்கும் புருசனிடமிருந்து தப்பிவந்த தமிழ்ப் பெண்களுக்கு, நாற்பது வருடங்களுக்கு முன் கிழக்கு லண்டனில் ஒரு வீடு இருந்ததாம். நடத்தியவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதினால் புருசன் வாசலில் நிற்பானே! “வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் சாட்சி இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை வெட்டிவிடு” என்றுவிட்டார் பேராசிரியர்.

அந்த வீட்டை நடத்தியவர் வால்தம்ஸ்டோவில் இருக்கும் மேரிசாந்தி என்று கேள்வி. மேனுஷா அவரிடம் மூன்று தரம் போனாள்.

“வீடோ? எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. றோல்ஸ் சாப்பிடு.”

வயிறு நிறைந்தது, அத்தியாயம் நிறையவில்லை. மேரிசாந்தி போகும் தேவாலயத்தில் பழைய கடதாசி ஏதும் கிடக்குமா என்று கேட்கப் போனாள். அங்கே கோயில் வேலை பார்க்கும் யாக்கோப்பு, செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று எழுதிவைத்த பழைய கொப்பியைத் தூசி தட்டி விரித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத் தலைவரின் பெயர்.

“இந்த ஜீவரத்தினம் வீட்டைப் பாருங்கோ தங்கச்சி. வருசா வருசம் மாதா போன வீடு. நான்தான் காரிலை கொண்டுபோய் விடுறனான். மேரிசாந்தி அக்கா கதவை அரைவாசிதான் திறப்பா. உள்ளுக்கை ஒவ்வொரு முறையும் புதுப் பொம்பிளையள், புதுச் சூட்கேஸ். எவ்வளவு சொந்தம் அந்த மனுசனுக்கு!”

“ஜீவரத்தினம் அங்கிள் எப்பிடி இருப்பார்?”

“நான் ஒருநாளும் காணேல்லை. எந்த நேரமும் ஷிப்டிலைதான்.”

மேனுஷா சிரிப்பை விழுங்கிக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்கு ஓடினாள்.

“அன்ரி, ஜீவரத்தினம் அங்கிள் சுகமோ?”

மேரிசாந்தி றோல்ஸ் தட்டை மேசையில் வைத்தார். பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தங்கமான மனுசன் பிள்ளை. ஒருநாளும் கை நீட்டேல்லை! மாதா வராத வீட்டைச் சனம் கதைக்கும். ஆம்பிளை பேர் இல்லாட்டி கொப்பியிலை எழுதவும் மாட்டினம். அதான் நாங்களே ஒருத்தரைப் பெத்தெடுத்தம்.”

சிரிப்பு நின்றது.

“வீட்டு நம்பரை மட்டும் எழுதிப்போடாதை. இப்பவும் அங்கை ஆரோ நித்திரை கொள்ளுதுகள்.”

“ஓம் அன்ரி.”

வெள்ளிக்கிழமை கொப்பியின் பிரதியும் மேரிசாந்தி சொன்ன விளக்கமும் பேராசிரியர் மேசைக்குப் போயின. வீட்டு இலக்கத்தின்மேல் கறுப்பு மை. அத்தியாயம் தப்பியது. ஆய்வில் நன்றி சொன்ன பக்கத்தில் முதல் பெயர் திரு. ஜீவரத்தினம்.

உங்கள் வீட்டு ஆண்களும் அவரைப்போலக் கை நீட்டாதவர்களாய் இருக்கட்டும், என் செல்லங்களே. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்காவது வீடு வந்து சேரட்டும்.