பூர்வால் ஊரின் போறணை

கிளறிற்றாவுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது ஆளை அல்ல, கட்டடத்தை.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் விதுஷாவின் முதலாளி ஞானேஸ்வரன், தான் தொடங்கப்போகும் புதுத் தொழிலைப் பற்றித் தன் ஊழியர்களின் குடும்பங்களுக்கு மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். லண்டனில் தமிழ்க் கலியாணம் என்றால் மணவறையிலிருந்து குதிரை வண்டிவரை அவர்தான். இப்போது பிரான்ஸில், பூர்வால் என்ற சின்ன ஊரில், பழைய பண்ணை ஒன்றை வாங்கியிருந்தார். லண்டன் பிள்ளைகளும் பாரிஸ் பிள்ளைகளும் இனி அங்கேதான் மாலை மாற்றுவார்களாம்.

திரையில் படங்கள் ஓடின. கோதுமை வயல், கல்வீடு, புறாக்கூண்டுக் கோபுரம். பிறகு பண்ணை வாசலோரம் செங்கல்லால் கட்டிய ஒரு குட்டி அடுப்புவீடு, தடித்த புகைக்கூண்டோடு.

"இது பழைய பாண் போறணை. ஒருத்தருக்கும் உதவாது. இடிச்சுப்போட்டால் கார் விட நல்ல இடம், பிள்ளையள்," என்றார் ஞானேஸ்வரன்.

அந்தப் 'பிள்ளையள்' கிளறிற்றாவின் முதுகில் ஐஸ் தண்ணீர் மாதிரி இறங்கியது. மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வலது பெருவிரல் நகம் நடுவே பிளந்து, இரண்டு நகங்கள்போல் வளர்ந்திருந்தது.

தொண்ணூறுகளில் அந்த ஆளுக்குப் பெயர் சின்னமணி. பேசாலை என்ற கடலோர ஊரிலிருந்து வெளிக்கிட்ட கிளறிற்றாவையும் தங்கச்சி டொலறஸையும் வேறு சிலரையும் பாரிஸிலிருந்து லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்த ஏஜென்ட். வழியில் பூர்வாலில் இதே பண்ணையின் வைக்கோல் கொட்டகைக்குள் எல்லோரையும் இறக்கினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "சத்தம் போடாதேங்கோ பிள்ளையள், போட்டால் பொலிஸ் வந்து திருப்பி அனுப்பிப்போடும். விடியக் காலமை வாறன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தி, வெளியே ஆமைப்பூட்டைப் போட்டார். பலகை இடுக்கால் கிளறிற்றா கடைசியாகப் பார்த்தது, பூட்டை அழுத்திய அந்த நகத்தைத்தான்.

விடிந்தது. அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. டொலறஸுக்கு முட்டு வருத்தம். மூச்சை இழுத்து இழுத்து அவள் உதடு நீலம் பாரித்தபோதுதான் பயத்தை விட்டுக் கதவில் அடித்தார்கள். பண்ணைக்காரர் மாரிகாலத்துக்கு நகரத்துக்குப் போயிருந்ததால் கேட்க யாருமில்லை. கடைசியில் தெருவால் போன ஓடில் என்ற இளம்பெண் கேட்டாள். ஊரைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தாள்.

பூர்வாலில் வீடுகளுக்குத் தனி அடுப்பு இல்லாத காலத்தில் ஊர் முழுவதும் பாண் சுட்டது அந்த ஒரே போறணையில். எந்தப் பாண் எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு குடும்பமும் மாவில் தன் குறியைக் கீறிவிடும். ஒரு வீட்டுக்கு அரிவாள், ஒரு வீட்டுக்குக் கோழிக்கால், ஒரு வீட்டுக்கு மூன்று கோடு. அந்தக் குறிகளெல்லாம் போறணை வீட்டின் உத்தரத்தில் செதுக்கப்பட்டிருந்தன. கிளறிற்றா போன காலத்தில் ஊர்த் திருநாளுக்கு மட்டும்தான் அதில் நெருப்பு மூட்டுவார்கள். அன்றைக்கு, திருநாள் இல்லாமலே, ஊர் தன் விறகையெல்லாம் கொண்டுவந்து அதை மூட்டி, விறைத்துப்போனவர்களைச் சுற்றிப் படுக்க வைத்தது. மற்றவர்கள் தப்பினார்கள். டொலறஸ் மத்தியானத்துக்குப் பிறகு, அக்காவின் மடியில் தலை வைத்தபடி, வெதுவெதுப்பான அந்தச் செங்கல் தரையில் கடைசி மூச்சை விட்டாள்.

ஊர் அவளைத் தன் சேமக்காலையில் புதைத்தது. அடுத்த திருநாளில் ஓடிலின் தகப்பன் கிளறிற்றாவிடம் வடிவத்தைக் கேட்டுக்கேட்டு, உத்தரத்தில் டொலறஸுக்காக ஒரு பனையோலையைச் செதுக்கினார். ஊரில் வீடே இல்லாத ஒருத்திக்கு அங்கே இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கிளறிற்றா ஓடிலின் வீட்டில் இருந்து பிரெஞ்சு பழகி, சில வருஷம் பீட்ரூட் கிண்டி, பிறகுதான் லண்டன் வந்தாள். கலியாணம், மகள், புருஷனின் சாவு எல்லாம் பிளேஸ்டோவில். தங்கச்சி காய்ச்சலில் செத்தாள் என்றுதான் மகளுக்குச் சொல்லியிருந்தாள்.

இப்போது அவளைக் கொன்றவன் அந்தப் பண்ணையையே வாங்கிவிட்டான். அவளுடைய ஓலைக்கு மேல் கார் விடப்போகிறான்.

எழும்பிக் கத்தியிருக்கலாம். கிளறிற்றா கத்தவில்லை. கத்தினால் பைத்தியம் என்று வெளியே கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். ரயிலில் வீடு திரும்பும்போது விதுஷா, "அம்மா, தொடக்க விழாவுக்கு அந்த ஊர் மேயர் வாறார். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்தானே, ட்ரான்ஸ்லேட் பண்ண ஏலுமோ?" என்று கேட்டாள்.

"ஓம். ஏலும்," என்றாள் கிளறிற்றா.

அடுத்த ஞாயிறு ஞானேஸ்வரன் பிளேஸ்டோவுக்கே வந்தார், விழா ஒழுங்கெல்லாம் பேச. கிளறிற்றா நண்டுக்கறியும் இடியப்பமும் வைத்தாள். அவர் விரல்களை நக்கினார். பிளந்த நகத்தில் குழம்பு ஒட்டியிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இன்னொரு கரண்டி விட்டாள்.

"அப்பிடி ஒரு ஊர் இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்தில அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறன் அக்கா. அமைதியான சனம், ஒண்டும் கேளாதுகள்." பிறகு, "நீங்கள் எங்க பிரெஞ்சு படிச்சனீங்கள்?" என்றார்.

"ஒரு வீட்டில வேலைக்கு நிண்டனான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுடைய முகம் அவருக்கு ஒரு முகமாகவே எப்போதும் இருந்ததில்லை. ஒருநாள் அந்த மனிதரை நிலக்கீழ் அறை எதற்குள்ளாவது விட்டுப் பூட்டினால் என்ன என்றுகூட யோசித்தாள். சமையல் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தப் பூட்டுச் சத்தத்தை மனதுக்குள் கேட்டு ரசித்தாள். ஆனால் இருட்டுக்குள் நடப்பது போதாது என்று பட்டது. ஊர் பார்க்க நடக்கவேண்டும்.

ஓடிலுக்குப் போன் செய்தாள். ஓடில் இப்போது ஊரின் பழைய சின்னங்களைக் காக்கும் சங்கத்தின் தலைவி. போறணையை இடிக்க விடமாட்டோம் என்று அவள் நின்றாலும், ஊருக்குத் தொழில் வரும் என்று மேயர் தடுமாறிக்கொண்டிருந்தார். "மேயரோட நீயும் லண்டன் வா. போறணையின்ர கதையை முழுக்கச் சொல்லு. நான் மொழிபெயர்ப்பன்," என்றாள் கிளறிற்றா. முதலாளி யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு ஸ்ட்ரெதமில் பஸ் ஓட்டும் இராஜேந்திரனைத் தேடிப்பிடித்தாள். கொட்டகைக்குள் இருந்தவர்களில் அவரும் ஒருவர். குளிரில் கால்விரல்களைப் பறிகொடுத்தவர்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பதிவு செய்ய வந்த மணமக்கள், பெற்றோர், படம் பிடிப்பவர்கள். மேயர் இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்தார். ஓடில் எழுந்தாள். ஊரின் போறணையைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று கிளறிற்றா சொன்னதும் ஞானேஸ்வரன் சிரித்துக் கைதட்டினார். பழம்பெருமை வியாபாரத்துக்கு நல்லதுதானே.

ஓடில் வீட்டுக்குறிகளைச் சொன்னாள், கிளறிற்றா தமிழில் சொன்னாள். சனம் ரசித்தது. பிறகு ஓடில், "உங்கள் மக்களுக்கும் எங்கள் ஊருக்கும் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது," என்று தொடங்கினாள். பனி, பூட்டிய கொட்டகை, விறகு, செத்துப்போன பெண் என்று அவள் சொல்லச்சொல்ல, கிளறிற்றா ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழாக்கினாள். பாதி வழியில் ஞானேஸ்வரனின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. எழும்பப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த இராஜேந்திரன் மெதுவாக நடந்துவந்து மேடைப்படியில் நின்றுகொண்டார்.

ஓடில் முடித்தாள். கிளறிற்றா மைக்கை விடவில்லை.

"இனி நான் சொல்லுறது மொழிபெயர்ப்பில்லை. செத்தவள் என்ர தங்கச்சி டொலறஸ். அந்தக் கதவைப் பூட்டிப்போட்டுப் போன சின்னமணி, இந்தா இருக்கிற ஞானேஸ்வரன்."

அதையே பிரெஞ்சிலும் சொன்னாள். ஓடிலின் கை வாய்க்குப் போனது.

"பொய்!" என்றார் ஞானேஸ்வரன். பிறகு சனத்தைப் பார்த்து, "என்னை வழியில பொலிஸ் பிடிச்சிட்டுது. நான் என்ன செய்யிறது?" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது அவருக்கே விளங்கவில்லை.

இராஜேந்திரன் திரும்பினார். "எங்களைப் பூட்டின மற்ற நாள் பாரிஸில, லாச்சப்பலில, நீ தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டதை என்ர மச்சான் கண்டவன். எங்களைப் பற்றிக் கேட்டதுக்கு, லண்டன் போய்ச் சேர்ந்திட்டினம் எண்டு சொன்னனீ. ஒரு போன் அடிச்சிருந்தால் போதுமடா."

மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம். முதலில் ஒரு மணப்பெண்ணின் தாய் எழும்பினார். பிறகு வரிசை வரிசையாக. ஞானேஸ்வரன், "பிள்ளையள், பிள்ளையள்," என்று கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை. மேயர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு, ஞானேஸ்வரன் நீட்டிய கையைப் பாராமலே இறங்கிப் போனார். கிளறிற்றா கடைசிவரை மேடையில் நின்று, அந்த முகம் சாம்பலாவதை ஆற அமரப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பசி அடங்குவதுபோல் இருந்தது.

பண்ணை வியாபாரம் அத்தோடு முடிந்தது. ஞானேஸ்வரன் அதை விற்றுவிட்டார். போறணையை ஊர்ச் சங்கமே எடுத்துக்கொண்டது. கோயில் திருவிழாவில் அவர் வந்தால் ஆட்கள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்கள் என்று இராஜேந்திரன் சொன்னார். அதைக் கிளறிற்றா இரண்டாம் முறையும் சொல்லச்சொல்லிக் கேட்டாள்.

விதுஷா வேலையை இழந்தாள். அன்று மண்டப வாசலிலேயே, "நீங்கள் என்னை ஒரு சாமான் மாதிரிப் பாவிச்சனீங்கள், அம்மா. எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"ஓம், பாவிச்சனான். சொல்லியிருந்தால் நீ மறிச்சிருப்பாய்."

விதுஷா குரொய்டனில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. இதற்கு ஒரு விலை இருக்கும் என்று கிளறிற்றா அறிந்தே செய்தாள். ஆனாலும் ஆளில்லாத வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சோறு போடும்போது கை தயங்கத்தான் செய்தது.

வசந்தம் பிறந்த பிறகு ஒரு காலை விதுஷா வந்தாள். புது வேலை கிடைத்திருந்தது. தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டொலறஸ் ஆன்ட்டி எப்பிடி இருப்பா?" என்றாள் திடீரென்று.

கிளறிற்றாவிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "தாயம் விளையாடினால் களவு செய்வாள். கையும் களவுமாப் பிடிச்சாலும் ஒத்துக்கொள்ளமாட்டாள். கடலில எனக்கு முன்னால நீந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். சரியான வாய்க்காரி."

விதுஷா சிரித்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, "அந்தாளை மன்னிச்சிட்டீங்களா?" என்றாள்.

"இல்லை," என்றாள் கிளறிற்றா. "நீ இன்னும் சாப்பிடேல்லைத்தானே, இரு, தோசை வார்க்கிறன்."