ஜப்திக்காரர் வந்த செவ்வாய்க்கிழமை

இரண்டு வாரம் தங்குகிறேன் என்று வந்த மைத்துனன் பதினொரு மாதமாகப் போகவில்லை. அவனுடைய பேக்கரி நொடித்துப்போயிருந்தது. கடைச் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டவன், மாவு பிசையும் இயந்திரத்தை மட்டும் விற்க மனமில்லாமல் கூடவே கொண்டுவந்தான். அது நடைவழியில் பாதியை அடைத்துக்கொண்டு, ஒரு பழைய போர்வையைப் போர்த்தியபடி, அழைக்காமல் வந்த இன்னொரு விருந்தாளியைப் போல நின்றது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மைத்துனனைப் பற்றி மனைவியிடம் முணுமுணுப்பாரே தவிர அவனிடம் நேராக ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் மனைவி அழுவாள். அவனும் அவர் வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்து மாடிக்குப் போய்விடுவான்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்த இயந்திரத்தில் இடறி மெக்கானிக்கின் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். வலியோடு இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. தினமும் காலையில் டீயோடு சாப்பிடும் பன்னைக் காணோம். “எந்தக் கடையில வாங்குற? மூடிட்டானா?” என்று மனைவியைக் கேட்டார். “லீவு விட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அவள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அங்கே நர்ஸ்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

“ஜப்தி அதிகாரி வந்திருக்கேன். இங்க தங்கியிருக்கிற பேக்கரிக்காரர் பேர்ல கோர்ட் உத்தரவு இருக்கு. கதவைத் திறங்க.”

மாடியிலிருந்து இறங்கி வந்த மைத்துனனின் முகத்தில் ரத்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் பையனைப் போல நேராகப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

“திறக்காத” என்றார் மெக்கானிக்.

“கோர்ட்ல இருந்து வந்திருக்காங்க அத்தான்.”

“இருக்கட்டும். நாம திறந்தே ஆகணும்னு இல்ல. முதல்ல அடையாள அட்டையையும் உத்தரவையும் கதவுக்கு அடியில தள்ளச் சொல்லு.”

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு வருடமாக மாதம் ஒருமுறை அவர் பழுது பார்க்கப் போகும் கட்டடத்தில் நாலாவது மாடி இலவச சட்ட உதவி அலுவலகம். லிஃப்டுக்கு நேர் எதிரே சுவரில் பெரிய சுவரொட்டி ஒன்று: ‘ஜப்தி அதிகாரி வீட்டுக்கு வந்தால்.’ ஸ்பேனரும் கையுமாக அதைப் படித்துப் படித்து முதல் நாலு வரி அவருக்கு மனப்பாடம். அதற்குக் கீழே ஒரு பீரோவைக் கொண்டுவந்து போட்டு மறைத்துவிட்டார்கள்.

காகிதங்கள் உள்ளே வந்தன. பெயர் சரி, முத்திரை சரி, மாவு வியாபாரிக்குத் தரவேண்டிய பாக்கியும் சரி. மெக்கானிக் ஃபோனை எடுத்து நாலாவது மாடிக்குப் போட்டார்.

“சொல்லுங்க லிஃப்ட் அண்ணா” என்றாள் அங்கே குமாஸ்தாவாக இருக்கும் பெண். “மறுபடியும் நின்னுடுச்சுன்னு சொல்லத்தான் நானே கூப்பிட இருந்தேன்.”

“அது கிடக்கட்டும்மா. அந்த பீரோவுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சு சொல்லு. என் வீட்டு வாசல்ல ஆள் நிக்குது.”

அவள் சிரிக்கவில்லை. பீரோ இழுபடும் சத்தம் கேட்டது.

“அஞ்சாவது. இந்த மாதிரி கடனுக்கு அவங்க கதவை உடைச்சிட்டு உள்ள வர முடியாது. ஆனா திறந்து கிடக்கிற கதவு வழியா வரலாம்.”

மெக்கானிக் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் சமையலறைப் பக்கம் பார்த்தான். துணி காயப்போட்டுவிட்டு வந்தவன் பின்கதவைச் சாத்தவில்லை. வெளியே செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் எழுந்து ஒற்றைக் காலில் நாலு குதி குதித்தார். அதற்குள் மைத்துனன் பாய்ந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

அதிகாரி கோபப்படவில்லை. திரும்பி முன்பக்கம் வந்து கூடத்து ஜன்னல் அருகே நின்றார். அவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெயிலில் அலைந்து வியர்த்திருந்தார்.

“டிவி, சோபா எல்லாம் யாரோடது சார்?”

“என்னோடது. பில் இருக்கு, காட்டுறேன்.”

“நடையில போர்வை போட்டு ஏதோ மெஷின் நிக்குதே, அது?”

மெக்கானிக் அதைத் திரும்பிப் பார்த்தார். பதினொரு மாதமாக அந்தச் சனியன் எப்போது தொலையும் என்று காத்திருந்தவர் அவர். “அவனோடது, எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு வார்த்தை போதும். ஃபோனில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள்: “ஏழாவது. ஒருத்தர் பிழைக்கிற தொழிலுக்கு வேணுங்கிற கருவியை எடுக்கக்கூடாது. அவர் இப்ப அதை வெச்சு வேலை பாக்குறாரா அண்ணா?”

அவர் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு மைத்துனனைக் கேட்டார். “நீ அதைத் தொட்டு எத்தனை மாசமாச்சு? உண்மையைச் சொல்லு.”

மைத்துனன் தரையைப் பார்த்தான்.

“நாலு நாளாச்சு அத்தான்.”

“என்ன?”

“தினமும் நீங்க வேலைக்குப் போனதும் அதுல மாவு பிசைஞ்சு, சமையலறை ஓவன்ல அறுபது பன் போடுவேன். மத்தியான ஷிஃப்டுக்குப் போறப்போ அக்கா ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு எடுத்துட்டுப் போவா. நாலஞ்சு உங்களுக்குன்னு எடுத்து வெப்போம். கரன்ட் பில்லைப் பாத்து கோவப்படுவீங்கன்னு சொல்லல. இப்ப நீங்க வீட்டுல இருக்கீங்க, அதான்...”

மெக்கானிக் ஃபோனிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அது அவன் தொழில் பண்ற மெஷின் சார். கேன்டீன்ல கேட்டுப் பாருங்க. அதுல கை வைக்க முடியாது.”  ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். “கடனை இல்லேன்னு சொல்லல. மாசாமாசம் எவ்வளவு கட்ட முடியும்னு எழுதித் தருவான். ஆனா இன்னிக்கு எதுலயும் கையெழுத்துப் போடமாட்டான்.”

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “ஒரு வாரத்துல எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா நான் மறுபடி வரவேண்டியிருக்கும்.” குடிக்கத் தண்ணீர் கேட்டார். மைத்துனன் ஒரு டம்ளரை ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினான். நின்றபடியே குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

மைத்துனன் மாடிக்குப் போய், மெத்தைக்கடியில் ஒளித்திருந்த கடிதக் கட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். ஒன்றைக்கூடப் பிரித்திருக்கவில்லை. பிரிக்கவே பயம் என்றான். மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, நிதானமாக வாசித்தார். நடுவில் மைத்துனன் அழுதான். “மிச்சத்தையும் கேட்டுட்டு அழு” என்றார் அவர், வாசிப்பதை நிறுத்தாமல்.

இரவு வந்த மனைவி மேஜையையும் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள். நடந்ததை மைத்துனன் சொன்னான். பன் விஷயம் வந்தபோது அவள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அறுபது போதாது, நூறு போடலாம்” என்றார் அவர்.

வியாழக்கிழமை அவர் மைத்துனனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி படியேறி நாலாவது மாடிக்குப் போனார். அந்தப் பெண் வரவு செலவெல்லாம் கேட்டு, கட்டக்கூடிய தொகையைப் போட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மாவு வியாபாரி அதற்கு ஒத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் மைத்துனன் மெதுவாக ஆரம்பித்தான்.

“மாசக் கடைசியில ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுறேன் அத்தான்.”

“எதுக்கு? வாடகையும் சேத்துக் கட்டவா?”

“உங்களுக்குத் தொந்தரவா...”

“தொந்தரவுதான்” என்றார் மெக்கானிக். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. கட்டுப் போட்ட காலில் யாரும் மிதித்துவிடாதபடி மைத்துனன் தன் காலை நீட்டி மறித்துக்கொண்டான். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.