ஏங்குபவர் எழுவாய் அல்ல

1
இந்தக் கதை எனக்கு ஒரு பிரெஞ்சு வகுப்பில் கிடைத்தது. வேலை மாற்றத்துக்காகப் படிக்கப் போனேன். மொழி அரைகுறையாக வந்தது; கதை முழுசாக வந்தது.

‘கடைசி பெஞ்சில் தனியாக ஒரு பெரியவர்—’

(அடித்துவிட்டேன். அவர் முதல் பெஞ்சில், என் பக்கத்தில்தான் உட்காருவார். லிஃப்ட் மெக்கானிக்.)

2
அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் மணம் செய்துகொண்டு, அங்கேயே ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனாள். பேத்திக்குத் தெரிந்தது பிரெஞ்சு மட்டும்.

“மக இருந்தவரைக்கும் அது பேசறத எனக்கும் நான் பேசறத அதுக்கும் சொல்லுவா, தம்பி. இப்போ போன்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

(முதல் வரைவில் மருமகனைக் கல்நெஞ்சனாக்கினேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாராவாரம் குழந்தை முன்னால் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். நல்லவராகவே விட்டுவிட்டேன்.)

3
செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை நடத்தினார் டீச்சர். “நமக்கு ஏறு, ஏத்துன்னு ரெண்டு. பிரெஞ்சுல ரெண்டுக்கும் ஒரே வினைதான்.”

“லிஃப்டும் அப்படித்தான் டீச்சர். தானும் ஏறும், நம்மளையும் ஏத்தும்.”

வகுப்பு சிரித்தது.

அடுத்து ஏக்கத்தைச் சொல்லும் ‘மாங்கே’ என்ற வினை வந்தது. “இதுல ஏங்குறவங்க எழுவாய் இல்ல. யாருக்காக ஏங்குறோமோ அவங்கதான் எழுவாய். ‘நீ எனக்கு இல்லாம இருக்கே’ங்கற மாதிரி.”

(தமிழில் ஏங்குவது குன்றிய வினை. ‘உன்னை ஏங்குகிறேன்’ என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு ‘நினைத்து’ வேண்டும்.)

அவர் அந்த வினையை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

4
அடுத்த வகுப்புக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். “சொல்லிட்டேன் தம்பி. ‘ஜ த மாங்க்’. உன்ன நெனச்சு ஏங்குறேன்னு. குழந்தை ‘வி’ன்னுச்சு. ஆமாவாம். அவ்வளவுதான். தானும் ஏங்குறேன்னு சொல்லும்னு பாத்தேன்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“ஐயா, உங்கள எழுவாய் ஆக்கிட்டீங்க. ‘தாத்தா இல்லாம உனக்கு ஏக்கமா இருக்கு’ன்னு அர்த்தம். அதுக்குத்தான் ஆமான்னுச்சு.”



“ஆமான்னா சொல்லிச்சு?” தான் சொன்ன செய்தியை என்னிடமே கேட்டார்.

“நீங்கதானே சொன்னீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ நான் சொல்ல வந்தத இன்னும் சொல்லவே இல்லயே.”

5
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பேத்தி ‘நானும்’ என்கிறாள். இன்னொன்றில் லைன் கிடைக்கவில்லை. இரண்டும் என் சரக்கு; அவருடையது அல்ல.

நடந்தது இவ்வளவுதான். அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். டீச்சர் உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அதன் வழியே அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்: ‘த்யூ ம மாங்க்.’ சரியாகச் சொன்னார்; இந்த முறை பேத்திதான் எழுவாய். போன் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒத்திகை பார்த்தாரா, யாராவது எடுத்துவிட்டார்களா, தெரியவில்லை.

எனக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. நீங்கள் வெளியே போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.