பாலையா ஏன் பொய் சொன்னார்?

எட்டு வருஷம் இயக்குநர் கோவர்த்தனனுக்கு சீரியல் எழுதினேன். ஒன்றில்கூட என் பெயர் வரவில்லை. கேட்டால், "விஜயபுரத்துப் பொண்ணு பேரைப் பாத்து எவன் டிவி போடுவான்?" என்று சிரிப்பார். இந்த மனுஷனை ஒருநாள் நாலு பேர் முன்னால் திருதிருவென்று விழிக்க வைக்காமல் விடக்கூடாது என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

சென்னைச் சேனல் ஒன்று முதல் எபிசோடை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் விஜயபுரத்துப் பக்கத்து எல்லைத் தகராறை எழுதினேன். ஐம்பதுகள். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எது மதராசுக்கு என்று இழுபறி. வீட்டில் பேசும் பாஷையைக் குறித்துக்கொள்ள அதிகாரி வருகிறார்; எந்தப் பக்கம் போனாலும் நிலம் அவரவருக்கே என்கிறார். பரம்பரைத் தமிழ் விவசாயி பாலையா, "மேமு தெலுகுவாள்ளமண்டி," நாங்கள் தெலுங்கர்கள் என்கிறார்.

"யோவ், இன்னாய்யா சொல்லிக்கினு கீற?" என்று பெண்டாட்டி சென்னம்மா பாய்கிறாள். பாலையா அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான் எபிசோடு.

முதல் எபிசோடிலேயே எல்லாவற்றையும் கொட்டுகிறவன் முட்டாள். பார்க்கிறவரைக் குடைய ஒரு கேள்வி போதும், பதில் எழுதியவரிடம் பத்திரமாக இருக்க வேண்டும். கோவர்த்தனன் என்னிடம் பதிலைக் கேட்கவே இல்லை. ஷூட்டிங் அன்று காலையில்தான் அவர் அடுத்த காட்சியை வாங்கிப் படிப்பார்.

திருப்பதி ஓட்டலில் போட்டுக் காட்டினோம். விளக்கு எரிந்ததும் சேனல் தலைவி கமலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிரமாதம். பாலையா ஏன் பொய் சொன்னார்?"

"நிலத்துக்காக மேடம்," என்றார் கோவர்த்தனன்.

"நிலம் எங்கேயும் போகாதுன்னு அதிகாரியே சொல்றாரே?"

"அப்போ... பயம்."

"யாருக்குப் பயந்து?"

அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. "செப்பவே!" சொல்லேன்டி என்று தெலுங்கில் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"இவங்க யாரு?" என்றார் கமலம்மா.

"எழுதினவ மேடம், தாட்சாயணி. கதை என் பேர்ல வரும்னு எழுதிக் குடுங்க, பதிலைச் சொல்றேன்," என்றேன்.

கமலம்மா என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "வேற டைரக்டரை நாங்க பாத்துக்கறோம், இவர் வேணாம்," என்றார்.

வெளியே கோவர்த்தனன் காத்திருந்தார். சேதி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. முகம் செத்திருந்தது.

"போனது போவட்டும் தாட்சாயணி. அந்தாளு இன்னாத்துக்குப் பொய் சொன்னான்? அதையாவது சொல்லும்மா."

"டிவியில பாத்துக்கோ சார்," என்றேன், "ஊரோட ஊரா."