எண்ணெய் ஏறட்டு

ஞானபாய் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் புருஷன் சிலுவைமுத்துவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள், "போதும் மக்கா, விடு" என்றார்கள். அவள் விடவில்லை. நேற்று மத்தியானம் சிலுவைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்டபோது, அவன் மூடி கழற்றிய கார் என்ஜின் திறந்தபடி கிடந்தது. வீட்டுப் பக்கத்துப் பட்டறைக் கொட்டகையில் அது இப்போதும் அப்படியேதான் கிடக்கிறது.

அந்தக் காருக்குச் சொந்தக்காரரான எஸ்டேட் முதலாளியின் டிரைவர் சகாயம், கயிற்றுச் சுருளோடு முற்றத்தில் வந்து நின்றான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு முதலாளி மகளுக்கு நிச்சயம். வண்டியை லாரியில கெட்டி திருவனந்தபுரத்துக்கு இழுத்துட்டு போயி சரியாக்கச் சொல்லியாரு."

"எப்பம்?"

"இப்பம்தான். லாரி ரோட்டுல நிக்கி."

தக்கலை ரோட்டில் சவப்பெட்டி போகும். அதே ரோட்டில் கயிறு கட்டிய காரும் இழுபட்டுப் போகும். சிலுவைமுத்து கெடுத்த கார் என்று ஏற்கெனவே கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன் மரியஜான்தான்.

மற்ற அண்ணன் தம்பிகள் சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள். இவர்கள் ஒரு தகட்டுத் தடிமனுக்கு அடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த வேகக் கார் முதலில் அண்ணனின் பட்டறைக்குத்தான் போனது. பஸ் என்ஜினில் கை பழகியவர், எப்போதும்போல வால்வுக்கு மேலே மெல்லிய தகடு நுழைகிற அளவுக்கு இடம் விட்டார். வண்டி தையல் மெஷின் மாதிரி தட்டியது. இதில் வால்வைத் தள்ளும் டாப்பெட்டுக்குள் எண்ணெய் நிற்கும், இடமே விடக்கூடாது, கொஞ்சம் அழுத்தித்தான் வைக்க வேண்டும் என்றான் தம்பி. "அழுத்தினா வால்வு மூடாது, கருகிப்போவும். எனக்கே படிப்பிச்சுத் தாறானா?" என்று அண்ணன் நாலு பேர் கேட்கச் சொன்னார். முதலாளி காரைத் தம்பியிடம் கொண்டுவந்து விட்டதோடு இருவருக்குள் பேச்சுவார்த்தையும் நின்றது.

மரியஜான் விடியும்போதே வந்துவிட்டார். அழவில்லை. தம்பியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தென்னையடியில் போய் உட்கார்ந்தவர்தான்.

ஞானபாய் எழுந்து நேரே அவரிடம் போனாள். சவத்தை விட்டு எழுந்துவந்தவளைப் பெண்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள்.

"அத்தான், அந்த வண்டியை முடிச்சுத் தாருங்க."

"அதுக்கு இப்பமா நேரம்?"

"கயிறு கெட்டி இழுத்துட்டுப் போனா, இவிய செத்தும் தோத்ததா ஆயிரும். அதுதான் உங்களுக்கு வேணும்னா இருங்க."



"நான் செய்தா தட்டும்," என்றார் மரியஜான்.

"உங்க முறையில வேண்டாம். இவிய முறையில செய்யுங்க."

"அது எனக்குத் தெரியாது."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து தக்கலையில் யாரும் கேட்டதில்லை.

"ரேடியேட்டர் விசிறியைப் பிடிச்சு என்ஜினைச் சுத்திக் குடுக்கது நான்தான். பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், வாங்க."

கொட்டகையில் அவள் விசிறியைச் சுற்றினாள். அவர் குனிந்தார். "வால்வைத் தூக்குத கம்பியை விரலால உருட்டிட்டே திருகை இறுக்குவாவ," என்றாள். "கம்பி உருளாம நின்னா இடம் தீந்துபோச்சு. அங்கேருந்து ஒரு முழுச் சுத்து."

"முழுச் சுத்தா?" என்று கேட்டுக்கொண்டே மரியஜான் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் அவர் கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் ஒன்றையும் தன் விருப்பத்துக்கு வைக்கவில்லை.

பிளக்குகளை மாட்டி மூடியை வைத்ததும் சகாயம் ஸ்டார்ட் செய்தான். கடகடவென்று தட்டியது. மரியஜானின் முகம் தொங்கிப்போனது. சகாயம் இறங்கிக் கயிற்றை எடுத்தான்.

"அணைச்சிரு," என்றார் மரியஜான்.

"அணைக்காண்டாம்," என்றாள் ஞானபாய். "டாப்பெட்டுக்குள்ள எண்ணெய் ஏறட்டு."

நின்றார்கள். தட்டல் ஒவ்வொன்றாக அவிந்தது. கடைசியில் ஒன்று மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. என்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. வீட்டுக்குள் பெண்கள் சொல்லும் ஜெபமாலை வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நேற்றிலிருந்து வராத அழுகை ஞானபாய்க்கு அப்போதுதான் வந்தது. காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மரியஜான் சகாயத்தின் பக்கம் திரும்பினார். "போற வழியில பஸ் ஸ்டாண்டுல கொஞ்சம் நிறுத்து. என்ஜினை அணைக்காத. யாரு செய்ததுன்னு கேட்டா எனக்க தம்பி பேரைச் சொல்லு."

கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்க ஆட்கள் சேர்ந்தார்கள். ஞானபாய் மண்ணெண்ணெய்த் துணியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் கை கொடுத்தார்.

பெட்டியின் வெள்ளைத் துணியில் அவர் பிடித்த இடத்தில் விரல்கள் கறுப்பாகப் பதிந்தன. ஒருத்தி முந்தானையால் அதைத் துடைக்கப் போனாள். ஞானபாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.