சிவந்த அறுபது

அறுபதுக்குக் கீழே இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கறுப்புத் திரையில் ஓடும் ஊழியர்களின் மதிப்பெண் அட்டவணைக்கு நிறம் பூசும் நிரலை எழுதியவள் யாஸ்னாதான். சிவப்பில் வருபவர்களின் சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று எழுதும்போது எவனும் அவளிடம் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலி வெஸெலின், கையில் பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட புரெக் ரொட்டியோடு எட்டிப் பார்த்தார். பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாதம் அவருக்கு. இடையில் வேலை போனால் நீஷ் நகரத்தில் அவரை யார் சேர்ப்பார்கள்?

"ஏம்மா, உனக்கும் அறுபது, எனக்கும் அறுபது. உன்னோடது பச்சையா இருக்கு. என்னோடது மட்டும் ஏன் சிவக்குது, வெட்கமா?"

யாஸ்னா அந்த வரியைத் திறந்து பார்த்தாள். அவருடைய உண்மையான மதிப்பெண் 59.6. புள்ளியெல்லாம் கண்ணை உறுத்துகிறது என்று மேலாளர் ஓக்னியென் சொன்னதால், திரையில் மட்டும் முழு எண்ணாக்கியிருந்தாள். நிறமோ புள்ளியோடிருந்த பழைய எண்ணைப் பார்த்தே விழுந்தது. தப்பு அவளுடையது.

"என் தப்புண்ணே. இப்பவே சரி பண்றேன்."

முதலில் முழு எண்ணாக்கி, பிறகு நிறம் பார்க்கும்படி மாற்றினாள். வெஸெலின் பச்சையானார். புரெக்கில் பாதியைப் பிய்த்து அவள் மேசையில் வைத்தார். திருத்திய பட்டியலோடு அவள் ஓக்னியெனிடம் ஓடினாள்.

அவன் சிவப்பை எண்ணினான். "பதினொண்ணுதான் வருது. மேலிடத்துல பன்னெண்டு பேர் கேட்டிருக்காங்க."

"வெஸெலின் அறுபது எடுத்திருக்காருங்க."

"அப்ப எல்லையை அறுபத்தொண்ணு ஆக்கு."

ஆக்கினாள். வெஸெலின் சிவந்தார். அவருக்கு அடுத்த வரியில் யாஸ்னாவும் சிவந்தாள்.

"பதிமூணு ஆயிடுச்சே," என்றான் ஓக்னியென், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் பழைய நிரல்ல கரெக்டா பன்னெண்டு வந்துச்சு. எதை அனுப்பட்டும்? நீயே சொல்லு."

 அவளுக்குத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பழசையே அனுப்புங்க."

திரும்பி வந்தபோது புரெக் ஆறிப்போயிருந்தது. ஈ மொய்க்காமல் அதன்மேல் காகிதம் மூடியிருந்தார் வெஸெலின்.

"என்னம்மா, நான் பச்சைதானே?"

யாஸ்னா புரெக்கை வாய் நிறையத் திணித்துக்கொண்டு, ஆமென்று தலையை ஆட்டினாள்.