மைக்கில் இருமியவர்கள்

தேவேந்திரன் மைக்கைப் பிடித்துப் பாடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு ஆள் இருமுவார். அந்த ஆள் எந்த மேடையிலும் இருந்ததில்லை. சத்தியவேட்டில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவில்தான் முதலில் கேட்டது. கடைக்காரர் வயரைச் சந்தேகித்தார். பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு தேவேந்திரனோடு ஊர் ஊராகப் போகும் பீட்டுக்காரன் கிரண்குமார் மைக்கைச் சந்தேகித்தான். கூட்டம், முன்வரிசையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைச் சந்தேகித்தது; அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போன பிறகும் இருமல் வந்தது. அடுத்த வாரம் நகரியில் மைக், வயர் எல்லாவற்றையும் மாற்றி, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரையே வாங்கிப் போட்டார்கள். இரண்டாவது சரணம் முடிந்ததும் இருமல் தன் பாட்டுக்கு வந்துவிட்டுப் போனது. போனில் படம் பிடித்தவர்கள் திரும்பப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் கேட்காது, கூட்டத்தின் தலைகள் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பும்.

தேவேந்திரனுக்கு அது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அவன் அப்பா துலுக்காணம் நன்றாக இருமுகிற ஆள். அவன் ஆறாவது படித்த வருஷம் அவர் மலை வேலைக்குப் போனார். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் மலை வேலை என்றால் மரம் வெட்டுவது. என்ன மரம், யாருக்கு என்று கேட்பவனை வேனில் ஏற்ற மாட்டார்கள். கால் காணி நிலம் இல்லாத காலனி அது, அதனால் யாரும் கேட்கவில்லை. வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பதி மலைகளின் பக்கம் போனது, காலியாகக்கூடத் திரும்பி வரவில்லை. பிணம் வந்தால் அழலாம், ஆள் வந்தால் சண்டை போடலாம். இரண்டும் வராததால் அவன் அம்மா பாப்பாத்தி இரண்டும் செய்யாமல் நாற்று நடப் போய் வந்தாள். கல்யாண வீட்டில் அவளை முன்னால் கூப்பிடவும் ஊருக்கு யோசனை, விதவைகளோடு உட்கார வைக்கவும் ஊருக்கு வாய் வரவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு பெண்ணை இத்தனை வருஷம் வைத்திருப்பது கொடுமை. அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இருமறதுக்கு நெஞ்சு வேணுமில்ல? நெஞ்சு இருந்தா ஆளு கீறாருன்னுதான அர்த்தம்" என்று தேவேந்திரன் கிரண்குமாரிடம் சொன்னான். அதிலிருந்து அவன் ஊர்களைத் தேர்ந்தெடுத்த விதமே மாறிப்போனது.

அவன் தமிழும் தெலுங்கும் கலந்து ராப் பாடுகிறவன். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, பாட்டை எழுதுவதும் பதிவேற்றுவதும் ஸ்பீக்கரைத் தூக்குவதும் அவர்கள் இரண்டு பேர்தான். பல்லெவெலுகு என்கிற ஆந்திரத்துக் கிராம பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஸ்பீக்கருக்கும் ஒரு டிக்கெட் போடுவார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே அதையே தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். பேனரில் பெயர் சரியாக இருந்தால் படம் வேறு யாருடையதாகவோ இருக்கும். தொண்டை கிழியப் பாடிவிட்டு இறங்கினால், "மிமிக்ரி ஏதாச்சும் வருமா தம்பி?" என்று கேட்பார்கள். இதெல்லாம் அந்தத் தொழிலில் உள்ளதுதான், அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கவனமெல்லாம் இருமலின் மேல் இருந்தது. பலமனேர் தக்காளி மண்டியில் அது வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் கேட்டது. ராமகுப்பத்தில் வெறும் மூச்சு வாங்கல். பெங்களூரில் ஒரு தடவை பாடினான், அங்கே அதுவும் இல்லை. கிழக்கே மலையடிவாரத்தை நெருங்க நெருங்கக் கூடியது. ரேணிகுண்டாவில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. ஏர்பேட்டில் முன்வரிசைக்காரர்கள் எச்சில் தெறித்ததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் அவன் பாடியதைக் கேட்ட ஒரு கம்பெனி, அங்கேயே வந்து தங்கினால் பாட்டு, படம், ஊர் ஊராகக் கச்சேரி எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆள் அனுப்பியது. ஒரே நிபந்தனை, செல்போன் கடை, பிள்ளையார் பந்தல் என்று இனிமேல் பாடக் கூடாது. கிரண்குமார் அன்றைக்கே பையைக் கட்டிவிட்டான். தேவேந்திரன் ஏர்பேட்டுப் பக்கம் இன்னொரு பந்தலுக்கு ஒப்புக்கொண்டு வந்து நின்றான்.

"ரேய் தேவா, நாம பாட்டுக்குப் போறோமா, இருமலுக்குப் போறோமா?" என்றான் கிரண்குமார். கட்டின பையை அவிழ்க்காமலே கூட வந்தான். நல்ல சிநேகிதன் என்றால் அப்படித்தான்.

அம்மாவிடம் தேவேந்திரன் அதுவரை சொல்லாமல் இருந்தான். ஊர் வாய் சொல்லாமல் இருக்குமா? பாப்பாத்திக்கு முன்பே தெரியும். மகன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். கூப்பிட்டதும் இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, காளஹஸ்தி வழியாகப் பஸ் மாறி, ஏர்பேட்டுக்கு வந்து இறங்கினாள். பந்தலில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தேவேந்திரன் பாடினான். இரண்டாவது சரணம் முடிந்தது. இருமல் வந்தது, இரண்டு சின்னது, ஒரு பெரியது, அவ்வளவு கிட்டத்தில் வந்தது. அவன் பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

பாப்பாத்தி இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இது உங்க நைனா இல்லடா."

"நல்லா கேளும்மா."

"எனக்குத் தெரியாதா? அவரு இருமுனா கடசீல ஒரு திட்டு வரும். கோழியவாச்சும் திட்டாம முடிக்க மாட்டாரு. இது யாரோ சாதுவான மனுசன்."

ஆறாவது படிக்கிற பையன் அப்பா இருமியதை நினைவு வைத்திருப்பான், எப்படி இருமினார் என்பதையா நினைவு வைத்திருப்பான்? ஊரான் வீட்டு இருமலுக்குப் பின்னால் இத்தனை நாள் ஓடியிருக்கிறான். தேவேந்திரன் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். போதும், பெங்களூருக்கே போய்விடுகிறேன் என்றான். பாப்பாத்தி அவனைச் சமாதானம் செய்யவில்லை. "உங்க நைனா இல்லன்னா போவுது. இதுவும் ஒருத்தி வூட்டுக்காரருதான? அவளும் என்ன மாதிரி குந்திக்கினு இருப்பா. நீ நிறுத்திட்டா அவ எங்கடா போயி கேப்பா?" என்றாள். சொன்னதோடு நிற்காமல், நாற்று நடப் போவதை விட்டுவிட்டு அவளும் அவர்களோடு புறப்பட்டாள். கம்பெனி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு பையனைப் பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்களிடமெல்லாம் பாப்பாத்தி அந்த இருமலை இருமிக் காட்டிக்கொண்டே போனாள். ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு, கடைசியில் மூச்சை இழுத்து விடுவது. செய்தி நகரிப் பக்கத்துக் கங்கம்மாவுக்குப் போனது. அவள் புருஷனும் அதே வருஷம் இன்னொரு வேனில் ஏறியவன். புத்தூரில் தேவேந்திரன் பாடிய அன்று கங்கம்மா வந்து ஸ்பீக்கர் முன்னால் நின்றாள். இருமல் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை ஸ்பீக்கர் பக்கமாக நீட்டி, "தண்ணி குடி மாமா. மெல்ல குடி" என்றாள். ஒருவர் மடக் மடக் என்று தண்ணீர் குடிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பந்தலில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். அதன் பிறகு அந்த இருமல் எந்த ஊரிலும் வரவில்லை. கங்கம்மா வீட்டுக்குப் போய்த் தலைமுழுகி, செய்ய வேண்டியதைச் செய்தாள். கடைசி வாய்த் தண்ணீர் கொடுக்கக் கிடைத்ததே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இடம் காலியானதும் அடுத்த ஆள் வந்தார். அவர் இழுத்து இழுத்து இருமுகிறவர், வேலூர்ப் பக்கத்து ஆள் என்று பின்னால் தெரிந்தது. அவருக்கு ஒரு தங்கை வந்து தண்ணீர் கொடுத்தாள். அவருக்குப் பிறகு வறட்டு இருமல்காரர் ஒருவர், அவருக்கு வயதான அப்பா வந்தார். சித்தூர், புத்தூர், ரேணிகுண்டா என்று மேடைகள் போய்க்கொண்டிருந்தன, ஆட்கள் வந்து தண்ணீர் குடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். விழாக் கமிட்டிகள் தேவேந்திரனுக்கு மாலையோடு ஒரு குடம் தண்ணீரும் வைக்கப் பழகிக்கொண்டன. பாப்பாத்தி ஒவ்வொரு இருமலையும் கடைசிவரை கேட்டாள். திட்டு வரவில்லை. வராதபோது, அதற்கு உரியவளைத் தேடிப் பஸ்ஸில் இருமிக் காட்டினாள்.

திருப்பதியில் ஒரு காலேஜ் விழாவில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அது நடந்தது. நெஞ்சே வெளியே வந்துவிடும்போல ஒரு இருமல், நீளமாக, அடங்கி, மறுபடி கிளம்பி, ஓய்ந்தது. ஓய்ந்ததும் ஸ்பீக்கர் பேசியது.

"எவன்டா அவன்? காது கியியுது. சத்தத்தக் கொறடா, கம்னாட்டி."

பிள்ளைகள் அது பாட்டில் வருகிற வரி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்து விசிலடித்தார்கள். கிரண்குமார் தன்னை அறியாமல் சத்தத்தைக் குறைத்தான். தேவேந்திரன் பாட்டை நிறுத்தினான். பாடுவது தன் மகன் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. பாப்பாத்தி எழுந்து நின்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை.

"உங்க நைனாதான்" என்றாள்.

தண்ணீர்ப் பாட்டில் அவள் கையில் இருந்தது. கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எத்தனையோ பெண்களுக்கு அவளே மூடியைத் திறந்து கொடுத்திருக்கிறாள். தேவேந்திரன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"குடுத்துடும்மா. பாவம், எத்தினி வருசம் இருமிக்கினே இருப்பாரு."

பாப்பாத்தி மூடியைத் திறந்தாள். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே துலுக்காணம் கிரண்குமாரின் பீட்டைத் திட்டிக்கொண்டிருந்தார், வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் திருகி மூடினாள்.

"இருக்கட்டும்டா. இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."

மிச்சப் பாட்டைத் தேவேந்திரன் சத்தம் குறைத்துப் பாடினான். இப்போதும் எந்த ஊரிலும் அப்படித்தான் பாடுகிறான். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாராவது குறை சொன்னால், வீட்டில் பெரியவர் திட்டுகிறார் என்று கிரண்குமார் சொல்லிவிடுகிறான். அவர்களும் சரி என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.